காசும் கூலியும் அகராதிக்குப் போன கதை

எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் எங்கள் பேராசிரியர், இங்கிலீஷ்காரன் சொல்லும் 'கேஷ்' நம்முடைய காசுதான் என்று சொன்னார். வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். தமிழ் உலகத்துக்கே பணம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்த மொழி என்று அவர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி தோவாளைப் பக்கமுள்ள எங்கள் சேரிக்குத் திரும்பியதும் பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவள் வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டாள்: "காசு வெள்ளக்காரன் நாட்டுக்குப் போச்சுன்னு சொன்னாராக்கும் ஒங்க வாத்தியாரு? சரி மக்கா. நம்ம தெருவுக்கு அது எப்பம் வந்துது?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடியதில் கிடைத்த கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேராசிரியர் சொன்னது. அது பாதிதான் சரி. இங்கிலீஷில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. கையில் உள்ள ரொக்கம் என்ற பொருளில் இன்றைக்கு வழங்கும் 'கேஷ்' லத்தீன் 'காப்ஸா'விலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குப் பெட்டி என்று அர்த்தம். பணம் வைக்கும் பெட்டியின் பெயர் நாளடைவில் பெட்டிக்குள் இருக்கும் பணத்தின் பெயராக ஆகிப்போனது. இன்னொரு 'கேஷ்' ஒரு சின்னச் செப்புக்காசின் பெயர். இதுதான் நம்ம காசு. போர்த்துகீசியர் நம் கடற்கரைக்கு வந்தபோது 'காசு' அவர்கள் வாயில் 'கைஷா' என்று மாறி, பிறகு இங்கிலீஷ்காரன் வாயில் 'கேஷ்' ஆனது. அவர்கள் மொழியில் 'கைஷா' என்றாலும் பெட்டிதான். அதனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசுக்குக்கூட வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'கேஷ்'தான். ஆக, அகராதிக்காரன் ஏற்றுக்கொண்ட காசு ஆகக் கீழ்மட்டத்துக் காசு. பெட்டியில் கிடக்கும் ரொக்கம் அவனுடையது, சில்லறை மட்டும் நம்முடையது! இதைச் சொன்னால் தமிழ்ப் பெருமை பேசும் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்னைப் பகுதியில் கும்பெனிக்காரன் கணக்கு 1818 வரை இந்தக் காசில்தான் நடந்தது. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1803இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து அடித்துக் கொண்டுவந்த செப்புக்காசில் '20 கேஷ்' என்று இங்கிலீஷிலேயே பொறித்திருந்தான். எங்கள் திருவிதாங்கூர்க் கணக்கு வேறு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். கூட்டிப் பார்த்தால் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூட, அதாவது 28½. திருவிதாங்கூர் 1949 வரை தன் காசைத் தானே அடித்தது. நாஞ்சில் நாட்டுக் கிழடுகட்டைகள் பணத்தைச் 'சக்கரம்' என்று சொன்னது இதனால்தான். "கையில ஒரு சக்கரம் இல்ல" என்பது என் பாட்டியின் அன்றாடப் பேச்சு. துட்டு என்கிறோமே, அது டச்சுக்காரனுடைய 'டாயிட்' என்ற காசு. 1741இல் குளச்சலில் அவனைத் தோற்கடித்துத் துரத்திய கதையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அவன் துட்டு மட்டும் போகாமல் நம் நாக்கிலேயே தங்கிவிட்டது.

மற்ற இங்கிலீஷ் பணச் சொற்களையும் புரட்டிப் பார்த்தேன். 'பேங்க்' என்பது வட்டிக்காரன் உட்கார்ந்த பெஞ்சு. 'பட்ஜெட்' தோல்பை. 'பே' என்றால் பணம் கொடு என்கிறோம். அதன் லத்தீன் மூலத்துக்குச் சமாதானப்படுத்து, வாயை அடை என்று பொருள். 'மணி'யும் காசடிக்கும் 'மின்ட்'டும் ரோமாபுரியில் ஜூனோ மொனேட்டா என்ற தேவதையின் கோயிலிலிருந்து வந்தவை. அங்கேதான் நாணயச்சாலை இருந்தது. இதைப் படித்ததும் எனக்குச் சுசீந்திரம் ஞாபகம் வந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் எவ்வளவோ கோயில் சொத்து. 1750இல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபனுக்கு எழுதிவைத்தான். கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் எங்கள் ஆட்கள் விதைத்து, நட்டு, அறுத்து, சூடடித்த நெல் கோயில் களஞ்சியத்துக்கும் பிராமணர்களுக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரைகளுக்கும் போனது. விளைவித்தவன் கோயில் தெருவிலேகூட நடக்க முடியாது. அதற்காகத்தான் 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயில் வாசல் திறந்தது 1936 நவம்பர் 12 அறிவிப்புக்குப் பிறகு. நெல் முந்தியே உள்ளே போய்விட்டது, ஆள் போக அத்தனை நூற்றாண்டு ஆனது.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்த சொற்கள் வேறு மூன்று: 'கேப்பிடல்', 'கேட்டில்', 'சேட்டல்'. மூலதனம், கால்நடை, அசையும் சொத்து. மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை. லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. மாட்டைத் தலை எண்ணித்தான் சொத்துக் கணக்குப் பார்த்தார்கள். 'ஃபீஸ்' கட்டுகிறோமே, அந்தச் சொல்லும் பழைய இங்கிலீஷில் மாடுதான். நமக்கும் இது புதிதில்லை. மாடு என்பதைச் செல்வம் என்ற பொருளில் வள்ளுவரே கல்வி அதிகாரத்தில் ஆள்கிறார். (அந்த அதிகாரம் எங்கள் தெருவுக்குள் வர எத்தனை நூற்றாண்டு ஆனது என்பது தனிக்கதை.) தமிழில் 'முதல்' என்பதும் அப்படித்தான். முதல் என்றால் தொடக்கம், வேர், போட்ட பணம். முதலை ஆள்கிறவன் முதலாளி. எங்கள் மாவட்டத்தில் பெட்டிக்கடைக்காரரைக்கூட 'மொதலாளி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

தலை எண்ணுவது மாட்டோடு நிற்கவில்லை. திருவிதாங்கூரில் கீழ்ச்சாதி ஆண்கள் தலைவரி கட்டினார்கள். இங்கிலீஷில் 'போல் டாக்ஸ்'. அந்த 'போல்' என்பதற்கும் தலை என்றே பொருள். தலை இருப்பதற்கே வரி! ஏணி, கள்ளிறக்கும் தளநார், மீன்வலை, மீசை, தாலி என்று ஏழைச்சாதிகள் மேல் போட்ட சில்லறை வரிகள் நூற்றுக்கு மேல். 1860களில்தான் இவை ஒழிந்தன. தலைவரி கட்டியவனுக்காவது தலை அவன் கழுத்தில் இருந்தது. பறையனுக்கும் புலையனுக்கும் அதுவும் இல்லை. அவர்களே இன்னொருவன் சொத்து.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. கும்பெனி அதிகாரி புக்கானன் 1800-01இல் மலபாரில் சுற்றி எழுதிய பயணக்குறிப்பு 1807இல் அச்சானது. அடிமையை மூன்று வழியில் கைமாற்றினார்கள் என்கிறான். ஜென்மம், காணம், பாட்டம். அதாவது விலை, அடமானம், வாடகை. நிலத்துக்கு என்ன சொல்லோ அதே சொல்தான் ஆளுக்கும். ஒரு இளவட்டமும் அவன் பெண்சாதியும் சேர்ந்து 250 முதல் 300 பணம். இரண்டு மூன்று சின்னப்பிள்ளைகள் இருந்தால் கூட 100 பணம். பாட்டத்துக்கு விட்டால் ஆணுக்கு வருஷம் 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. இது மலபார்க் கணக்கு. நாஞ்சில் நாட்டில் இல்லையா என்று கேட்பவர்கள் அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைப் பார்க்கலாம். கவிமணி தேடி ஆராய்ந்த ஓலைகள் அவை. பின்னால் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். நிலம் விற்ற ஓலை, கடன் ஓலை இவற்றோடு ஆள் விற்ற ஓலையும் அதே கட்டில் கிடக்கிறது.

அந்த 100 பணத்தை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. பிள்ளை பிறந்தால் ஆண்டைக்கு வட்டி. இங்கிலீஷில் 'இன்ட்ரஸ்ட்' என்று ஒரு சொல். எங்கள் பூட்டிகளின் வயிறு அதைத்தான் சுமந்திருக்கிறது.

சாதியைப் பார்க்காமல் பசி ஆளை விற்றதும் உண்டு. கி.பி. 1201இல் திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. அப்போது பஞ்சம், ஒரு காசுக்கு மூன்று நாழி நெல். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். அந்த வெள்ளாளர் விற்றபோது விற்றவரும் அவரே, விலை பேசியவரும் அவரே. எங்கள் ஆட்களை வேறொருவன் விற்றான். காசு அவன் மடிக்குப் போனது.

1812இல் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது ராணி லட்சுமிபாய் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. அடிமைகளை வாங்கவோ விற்கவோ கூடாது. ஆனால் நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு இது பொருந்தாது. நன்றாகக் கவனியுங்கள் தோழர்களே. நாஞ்சில் நாட்டில் வயலைச் சேராத பறையன் யார்? வக்கீல்கள் பாஷையில் 'சேட்டல்' என்றால் அசையும் சொத்து. இந்த அறிவிப்பு எங்களை அசையாச் சொத்து ஆக்கிவிட்டது. வரப்பும் நாங்களும் ஒன்று. 1836இல் எடுத்த கணக்கில் திருவிதாங்கூரின் மொத்த சனம் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம். அதில் அடிமைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எட்டுப் பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பாதிரிமார் மனுப்போட்டு, சென்னை அரசு நெருக்கி, 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் மட்டும் விடுதலை என்று ஒரு அரைகுறை அறிவிப்பு வந்தது. 1855 ஜூனில்தான் உத்திரம் திருநாள் மகாராஜா அடிமைமுறையை முழுசாக ஒழித்தார்.

ஒழிந்த மறுநாள் என்ன நடந்தது? அதே வயல், அதே ஏமான், அதே நெல். காசு வரவில்லை. பாட்டி வாக்கில் கேளுங்கள்: "கொத்து அளக்கதுக்கு ஒரு மரக்கால், பாட்டம் அளக்கதுக்கு வேற மரக்கால். நமக்கு அளக்கது எப்பவும் கொறமரக்காலு. கேட்டா, 'ஏளா, ஒனக்குக் கண்ணு கூடிப்போச்சோ'ம்பாரு பண்ணையாரு." கர்க்கடகப் பஞ்சத்தில் அவரிடமே நெல்லுப் பற்று வாங்கவேண்டும். கும்பப்பூ அறுப்பில் பிடித்துக்கொள்வார். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்களுக்கு எழுத்துத் தெரியாது. நெல்லாகக் கொடுத்தால் திங்கலாம், ஆனால் ரயிலேற முடியாது, பள்ளிக்கூடத்துக்குக் கட்ட முடியாது, இன்னொரு ஊரில் போய் உட்கார முடியாது. காசுக்கும் நெல்லுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பொருளாதாரம் படித்த நண்பர்கள் பரிவர்த்தனை, பண்டமாற்று என்றெல்லாம் சொல்வார்கள். பாட்டி சொன்னது, "நெல்லுக்குக் காலு கெடயாது மக்கா."

சம்பளம், கூலி என்ற இரண்டு சொற்களையும் இங்கே பேசியாக வேண்டும். சம்பாநெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்து சம்பளம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 'சேலரி' என்ற சொல்லும் லத்தீனில் உப்பை ஒட்டியது என்பதால் இந்த விளக்கத்துக்கு ஒரே மவுசு. ரோமானியச் சிப்பாய்க்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. நம்முடைய சம்பா-அளக் கதையும் அதே மாதிரி கேட்பதற்கு நன்றாக இருக்கும் கதை என்றே எனக்குப் படுகிறது. அது கிடக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு. எங்கள் தெருவில் யாரும் சம்பளம் வாங்கியதாகச் சொல்லிக் கேட்டதில்லை. வாத்தியார் வாங்குவது சம்பளம், எங்கப்பா வாங்குவது கூலி. மாசம் பார்த்து வருவது சம்பளம், மானம் பார்த்து வருவது கூலி. மழை பெய்தால் கூலி இல்லை. இங்கிலீஷிலும் 'சேலரி', 'வேஜ்' என்று இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை 'ஊழியம்'. இன்றைக்கு அரசு ஊழியர் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். சபையில் ஊழியம் என்றால் தேவனுக்குச் செய்யும் தொண்டு. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. சர்க்கார் சுமை தூக்க, கோயிலுக்கு விறகும் எண்ணெயும் கொண்டுபோக, ரோடு போட என்று எப்போது கூப்பிட்டாலும் போயாக வேண்டும். மயிலாடியில் மகாராசன் என்ற சாம்பவர் வேதமாணிக்கமாகி, 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியாரைக் கூட்டிவந்து சபை உண்டாக்கிய பிறகு எழுந்த முதல் சண்டைகளில் ஒன்று இதுதான். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்களை ஊழியத்துக்குக் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. மற்ற ஆறு நாளும் ஊழியம் இருந்தது. ஆக, காசில்லாத வேலையின் பெயர் இன்றைக்கு ஆக அதிகக் காசுள்ள வேலையின் பெயராகிவிட்டது. அகராதியில் இந்தப் பழைய பொருளை அடியில் தள்ளிவிட்டார்கள்.

கூலி கப்பலேறியது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தபோது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கரும்புத்தோட்டத்தில் காலியான இடத்துக்கு மொரீஷியசுக்கும் பிற தீவுகளுக்கும் நம் ஆட்கள் போனார்கள். அங்கே அவர்கள் பெயர் 'கூலி'. தமிழ்க் கூலிதான் என்பாரும், குஜராத்துக் 'கோலி' என்ற சாதிப்பெயர் என்பாரும் உண்டு. எப்படியானாலும் நம் மொழியில் உழைப்புக்குக் கொடுப்பதன் பெயராக இருந்தது அவன் மொழியில் உழைக்கிறவனின் பெயராகிவிட்டது. கொடுக்கிறதையும் வாங்குகிறவனையும் ஒன்றாக்கிவிட்டான். நாஞ்சில் நாட்டுத் தாழ்ந்த சாதிகள் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும், 1860களில் இங்கேயே அசம்பு மலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். முதன்முதலாகக் காசை எண்ணி வாங்கியவர்கள் அவர்கள்தான். ஆனால் அங்கேயும் கங்காணி இருந்தான். இலங்கையில் 'துண்டு' என்று ஒரு சீட்டு. இந்தக் கும்பலுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற துரை ஆட்களைக் கொண்டுபோகலாம் என்று அதில் எழுதியிருக்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் அறிக்கையில் அதைத் 'துண்டு' என்றே எழுதினார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஓலை போய்க் காகிதம் வந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது சொல்லும் போயிருக்கிறது. 'பரையா'. இன்றைக்கும் ஏதாவது ஒரு நாட்டை உலக நாடுகள் ஒதுக்கினால் இங்கிலீஷ் பத்திரிகைக்காரன் அந்த நாட்டை 'பரையா' என்று எழுதுகிறான். காசுக்குக் கை தட்டிய எங்கள் வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. ஒருநாள் நான் எழுந்து, "ஐயா, பறையனும் போயிருக்கான்" என்றேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பின் பெஞ்சில் ஒருத்தன் சிரித்தான். எந்தச் சாதிக்காரன் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் என்னைத் தெரியும்.

காசு எங்கள் தெருவுக்கு வந்த வழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1820களில் நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பின்னல்வேலை கற்றுக்கொடுத்தார். லேஸ். கற்றுக்கொண்டவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். அந்தப் பின்னலை வெள்ளைக்காரிகள் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசைச் சேர்த்துச் சில பெண்கள் ஏமானுக்கு விலைகொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். மிஷன்காரர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். சபைக்கு வருமானம், இங்கிலாந்தில் நல்ல பேர். எனக்கு அந்தப் பெண்ணின் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. நாற்றுப் பறித்துக் காய்த்துப்போன விரலில் நூலைச் சுற்றி, சக்கரம் சக்கரமாக எண்ணி முடிந்து, ஒருநாள் கொண்டுபோய்த் தன்னைத் தானே வாங்கியிருக்கிறாள். விற்பனை ஓலையில் தன் பெயர் வாங்குகிறவர் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

பாட்டி கையில் முதல் சக்கரம் வந்தது பன்னிரண்டு, பதின்மூன்று வயசில். ரோட்டு வேலைக்குக் கல் சுமந்ததற்கு. அவளிடம் பெட்டி கிடையாது. முந்தியில்தான் முடிந்துவைப்பாள். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த பிறகு சக்கரம் செல்லாது, அணாதான் செல்லும் என்றார்கள். 1956 நவம்பர் 1இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது. எட்டு வருஷத்தில் மூன்று கணக்கு. எழுதப்படிக்கத் தெரியாத பெண்ணைக் கடைக்காரர்கள் ஒவ்வொரு கணக்கிலும் ஏமாற்றியிருக்கிறார்கள். "ஆறு காசுக்கு ஓரணாங்கான், ஆறே காலுங்கான், நமக்கென்ன தெரியும் சவம்" என்பாள்.

2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மறுநாள் காலையில் பாட்டி அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு. பெட்டிக்கும் குழிவெட்டுக்கும் என்று சேர்த்துவைத்தது. மாமா மூன்று நாள் பேங்க் வாசலில் நின்று மாற்றிக்கொண்டு வந்தார். டீக்கடை டிவியில் 'கேஷ்லெஸ்', 'கேஷ்லெஸ்' என்று ஒருவர் முழங்கிக்கொண்டிருந்தார். அப்படீன்னா என்னலே என்று பாட்டி கேட்டாள். காசு இல்லாமல் இருப்பது என்றேன். "அத இவனுவ இப்பந்தான் கண்டுபுடிச்சானுவளாக்கும்" என்றாள்.

அந்த முடிச்சுக்குள் நோட்டுகளோடு ஒரு செப்புக்காசும் இருந்தது. 1949இல் மாற்றாமல் விட்ட சக்கரம். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். மாற்றுகிற இடம் ஏமான் வீட்டுத் திண்ணையில் இருந்ததாம். அங்கே போய் நின்றால், "ஒனக்கு இது எங்கேருந்து கெடச்சுது" என்று கேட்பார்களாம். அதனால் போகவில்லை. இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்துவிட்டது. இன்னொரு பக்கத்தில் விரலால் தடவினால் எழுத்து இருப்பது தெரிகிறது, வாசிக்க முடியவில்லை.